பெயரை இழந்து மீட்டவர்: ராபர்ட் மோக்

இசைப்பதிவு உலகில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நுழைந்த புதிய ஒலிகளைப் பற்றிப் பேசுவோர் ஒரு பெயரைத் தவறாமல் சொல்வர். பெரும்பாலும் தவறாகவே சொல்வர். ஆங்கில எழுத்துகளைக் கண்டு 'மூக்' என்று படிப்பவர்களே மிகுதி. அப்பெயருக்கு உரியவரோ தம்மை 'மோக்' என்றே சொல்லிவந்தார். சிந்தசைசர் எனப்படும் மின்னணு இசைக்கருவியை இசைக்கலைஞர்களின் கைக்கு எட்டச் செய்தவர் ராபர்ட் ஆர்தர் மோக். ஆயிரக்கணக்கான கருவிகளின் முகப்பில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஆயினும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அப்பெயரைத் தாம் செய்த கருவியில் பொறிக்க அவருக்கே உரிமை இல்லாதிருந்தது. எழுத்தையும் அதன் கீழ் இடும் பெயரையும் பிரித்துப் பார்க்க இயலாத நம்போன்றோர்க்கு இவ்வாழ்க்கை சிந்திக்கத் தக்கது.

மோக் 1934ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அந்நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃப்ளஷிங்கில் வளர்ந்தார். தந்தை ஜார்ஜ் மின்சார நிறுவனமொன்றில் பொறியாளர். வீட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். தாய் ஷர்லிக்கு மகன் பியானோக் கலைஞனாக வேண்டும் என்பதே கனவு. ஆகவே மேல்தளத்தில் பியானோப் பயிற்சியும், கீழ்த்தளத்தில் பற்றவைப்புக் கோலும் கம்பிச் சுருளுமாக அவரது இளமை கழிந்தது. இவ்விரண்டில் எதையும் அவர் பிற்காலத்தில் முற்றாகக் கைவிடவில்லை. தாயின் விருப்பமும் தந்தையின் கைத்திறனும் ஓரிடத்தில் வந்து கலந்ததன் விளைவே அவரது கருவி எனலாம்.

பதினான்கு வயதில் அவர் தெரெமின் என்னும் கருவியொன்றைத் தாமே கட்டினார். ரஷ்ய அறிவியலாளர் லெவ் டெர்மன் 1920ஆம் ஆண்டளவில் கண்டறிந்த கருவி அது. அதனை வாசிப்பவர் தொடுவதே இல்லை. நிமிர்ந்து நிற்கும் உலோகக் கோலை நோக்கி ஒரு கையை நகர்த்தினால் சுருதி ஏறும். பக்கவாட்டில் நீண்ட வளையத்தின் அருகே மற்றொரு கையை உயர்த்தித் தாழ்த்தினால் ஒலியின் அளவு மாறும். கட்டையும் இல்லை, நரம்பும் இல்லை. வெளியில் அசையும் கையே வாத்தியத்தின் உறுப்பு. வாசிப்பது மிகக் கடினம். செய்வதோ வானொலிப் பெட்டி செய்யத் தெரிந்தவர்க்கு எளிது. இந்தக் கருவி மோக்கின் மனத்தை வாழ்நாள் முழுதும் விட்டு அகலவில்லை.

1954ஆம் ஆண்டில், கல்லூரி மாணவராய் இருந்தபோதே, தெரெமினைக் கட்டும் முறை பற்றி வானொலித் தொழில் இதழொன்றில் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் தந்தையுடன் சேர்ந்து தம் பெயரிலேயே சிறு நிறுவனமும் தொடங்கினார். குவீன்ஸ் கல்லூரியில் இயற்பியலும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் பயின்றார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். 1961இல் டிரான்சிஸ்டர் கொண்டு இயங்கும் தெரெமினைப் பற்றி மீண்டும் எழுதியபோது, வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ளத்தக்க உதிரிபாகத் தொகுதிகள் ஏறத்தாழ ஆயிரம் விற்றன. ஆய்வு மாணவரின் குடும்பச் செலவுக்கு அவ்வருவாய் உதவியது. 1965இல்தான் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குள் அவரது புகழுக்குரிய கருவி பிறந்துவிட்டது.

அக்காலத்து மின்னணு இசையின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒலிநாடாவைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டி இசையமைப்பதே பொதுவான வழக்கம். ஒரு நிமிட இசைக்கு நாள்கணக்கில் உழைக்க வேண்டும். கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் கூட்டு மையத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பெரிய சிந்தசைசர் ஒன்று இருந்தது. அது ஓர் அறையையே நிறைத்து நின்றது. காகிதச் சுருளில் துளையிட்டே அதற்குக் கட்டளை தர வேண்டும். அதனை அணுகும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது. கையால் வாசித்து, காதால் கேட்டு, உடனே மாற்றிக்கொள்ளும் இன்பம் மின்னணு இசைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

1963ஆம் ஆண்டின் இறுதியில் இசையாசிரியர் மாநாடொன்றில் மோக் தம் தெரெமின்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். அங்கே ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரைச் சந்தித்தார். புதிய ஒலிகளை நாடாவில் வெட்டி ஒட்டிச் சலித்திருந்தவர் டாய்ச். இருவரும் பேசிப் பேசி நண்பராயினர். 1964ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், மோக்கின் பட்டறையில், டாய்ச் சில வாரங்கள் தங்கினார். ஒருவர் தமக்கு வேண்டிய ஒலியைச் சொல்வார். மற்றவர் அதற்குரிய மின்சுற்றைக் கட்டுவார். கட்டியதை டாய்ச் வாசித்துப் பார்த்து மீண்டும் குறை சொல்வார். இவ்வாறு அவர்கள் இருவரிடையே வளர்ந்ததே மோக் சிந்தசைசர்.

அதன் அடிப்படை ஒரே ஒரு கருத்து: ஒலியின் ஒவ்வொரு பண்பையும் மின்னழுத்தத்தால் ஆளலாம். அலையியற்றி என்னும் பகுதி ஒலியலையை உண்டாக்கும். அதற்குச் செலுத்தும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி உயரும். அவ்வலை அடுத்ததாக வடிப்பானுக்குள் செல்லும். செறிந்த ஒலியிலிருந்து வேண்டாத மேலொலிகளை அது கழித்துவிடும். சிற்பி கல்லைச் செதுக்கிக் கழிப்பது போல. இறுதியில் பெருக்கி ஒலியின் அளவை ஏற்றி இறக்கும். இப்பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. கம்பிகளால் அவற்றை எப்படி இணைக்கிறோமோ அப்படி ஒலி பிறக்கும். ஓர் அலையியற்றியின் மெல்லிய அசைவை மற்றோர் அலையியற்றியின் மீது செலுத்தினால் சுருதி நடுங்கும். ஆளுவதும் மின்னழுத்தம், ஆளப்படுவதும் மின்னழுத்தத்துக்கு அடங்கியது. ஆகவே எதனையும் எதனோடும் இணைக்கலாம். இதுவே இந்தக் கருவியின் எல்லையற்ற வளத்துக்குக் காரணம்.

அந்தக் கோடையில் நிகழ்ந்த ஒன்று பலராலும் சொல்லப்படுவது. கருவியிலிருந்து ஒலி வந்தது; ஆனால் அது தொடங்குவதிலும் முடிவதிலும் உயிரில்லை. பியானோவில் விரல் பட்டதும் ஒலி வெடித்துப் பின் தேய்கிறது. குழலில் மெல்ல மலர்கிறது. இந்த வேறுபாடு தமக்கு வேண்டும் என்றார் டாய்ச். மோக் அவரைக் கடைக்கு அனுப்பி, வீட்டு வாயிலில் பொருத்தும் அழைப்புமணிப் பொத்தான் ஒன்றை வாங்கிவரச் செய்தார். அப்பொத்தானை அழுத்தினால் ஒலி எழுந்து, விட்டால் அடங்குமாறு ஒரு சுற்றைக் கட்டினார். அடுத்த ஆண்டில் கொலம்பியா மையத்தின் விளாடிமிர் உசச்செவ்ஸ்கி இதனையே மேலும் வகுத்து, ஒலியின் எழுச்சி, தணிவு, நிலைப்பு, மறைவு என நான்கு கட்டங்களையும் தனித்தனியே ஆளும் அமைப்பை வேண்டினார். பின்னாளில் உலகெங்கும் செய்யப்பட்ட சிந்தசைசர்கள் பெரும்பாலானவற்றில் இந்நான்கும் இடம்பெற்றன.

1964 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஒலிப்பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் மோக் தம் கருவியைக் காட்டினார். தொடக்கத்தில் அதனை நாடியவர்களுள் ஆல்வின் நிக்கோலாய் என்னும் நடன அமைப்பாளரும் ஒருவர். பல்கலைக்கழகங்களும் விளம்பர இசையமைப்பாளர்களும் மெல்ல மெல்ல வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரின் தேவையையும் கேட்டுக் கேட்டே மோக் கருவியைத் திருத்தினார். டிரான்சிஸ்டர்களை ஏணிப் படிகள்போல அடுக்கி அவர் அமைத்த வடிப்பான் 1969இல் காப்புரிமை பெற்றது. மோக் கருவியின் ஒலியை மற்றக் கருவிகளின் ஒலியிலிருந்து பிரித்துக் காட்டுவது இவ்வடிப்பானின் கனிவே.

அவரிடம் வந்தவர்களுள் தலையாயவர் வெண்டி கார்லோஸ். இயற்பியலும் இசையும் கற்றவர். நுட்பமான காது உடையவர். விரல் அழுத்தத்தை உணரும் கட்டைகள் முதலாய பல திருத்தங்கள் அவர் கேட்டுப் பெற்றவை. ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் இசையை முழுதும் மோக் கருவியிலேயே வாசித்துப் பதிவு செய்ய அவர் முனைந்தார். அந்தக் கருவி ஒரே நேரத்தில் ஒரே சுரத்தையே ஒலிக்கும். பாக்கின் இசையிலோ பல குரல்கள் ஒன்றையொன்று தழுவி ஓடும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்து, பல தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே அறையின் வெப்பம் சற்றே மாறினாலும் அலையியற்றிகளின் சுருதி நழுவும். சில நொடிகள் வாசித்து, நிறுத்தி, சுருதி சேர்த்து, மீண்டும் வாசிக்க வேண்டும். பல மாதங்கள் நீடித்த இவ்வுழைப்பின் பயன் 1968இல் 'ஸ்விட்ச்ட்-ஆன் பாக்' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது. அது மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. வேடிக்கை ஒலிகளுக்கே உரியது என்று எண்ணப்பட்ட கருவி, பாக்கின் இசையையும் தாங்கும் என்பதை அத்தட்டு மெய்ப்பித்தது.

அதன்பின் கருவியின் வளர்ச்சி விரைந்தது. 1967இல் மாண்டரே இசை விழாவில் காட்டப்பட்டபோதே ராக் இசைக்கலைஞர்கள் அதனைக் கண்டிருந்தனர். 1969இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் 'ஆபி ரோடு' தட்டில் ஜார்ஜ் ஹாரிசனின் மோக் ஒலித்தது. அதே ஆண்டில் அது நம் நாட்டுக்கும் வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் ட்யூடர் ஒரு மோக் அமைப்பை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் அதில் இசையமைத்தனர். அந்நாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் உறங்கின. 2017இல் கண்டெடுக்கப்பட்டு 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

ஆனால் சுவரளவு உயரமும் கம்பிக் காடுமான கருவியை மேடைதோறும் தூக்கிச் செல்வது எல்லோர்க்கும் இயலாது. 1970இல் அவரது பட்டறைப் பொறியாளர் பில் ஹெம்சத், எஞ்சிக் கிடந்த பாகங்களைக் கொண்டு கையடக்கமான மாதிரி ஒன்றைப் பூட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே மினிமோக். மூன்று அலையியற்றிகள், ஒரு வடிப்பான், நாற்பத்து நான்கு கட்டைகள். இணைப்புக் கம்பிகள் வெளியே இல்லை. இடப்புறம் அமைந்த சிறு சக்கரத்தை விரலால் அசைத்தால் சுரம் வளையும். நம் இசை அறிந்தவர்க்கு அது கமகத்தை நினைவூட்டும். விலை ஏறத்தாழ 1,500 டாலர். 1981 வரையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

வெற்றி வந்த வேளையிலேயே வீழ்ச்சியும் வந்தது. மோக் நல்ல பொறியாளர்; நல்ல வணிகரல்லர். 'ஸ்விட்ச்ட்-ஆன் பாக்' கிளப்பிய ஆர்வ அலை அடங்கியதும் பெரிய கருவிகளுக்கான தேவை சரிந்தது. போட்டியாளர்கள் பெருகினர். கடன் ஏறியது. 1971இல் நிறுவனம் ஒரு முதலீட்டாளரின் கைக்கு மாறி, ட்ரூமன்ஸ்பர்க்கை விட்டுப் பஃபலோ நகரருகே சென்றது. 1973இல் நார்லின் என்னும் பெருநிறுவனம் அதனை வாங்கியது. கட்டடமும் காப்புரிமையும் மட்டுமன்றி, மோக் என்னும் பெயரும் விற்பனைப் பொருள்களுள் ஒன்றாயிற்று. தம் பெயர் பலகையில் மின்னும் தொழிற்சாலையில் அவர் ஊழியரானார்.

1977ஆம் ஆண்டை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 'ஆட்டோபான்' தட்டில் மினிமோக்கை ஒலிக்கச் செய்திருந்தது. 1977இல் ஜார்ஜியோ மொரோடர், டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டின் இசையை ஏறக்குறைய முழுவதும் மோக் கருவியைக் கொண்டே அமைத்தார். நடன இசையின் போக்கை மாற்றிய பாட்டு அது. உலகின் இசைக்கூடங்களில் மோக்கின் பெயர் இவ்வாறு உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், ஒப்பந்தக் காலம் முடிந்து, அப்பெயரை அங்கேயே விட்டுவிட்டு அவர் நிறுவனத்தினின்று வெளியேறினார். அந்த ஆண்டில் அவரது உழைப்பில் வெளிவந்த மற்றொன்றும் உண்டு. தெரெமின் வாசிப்பில் நிகரற்ற கிளாரா ராக்மோரின் இசைத்தட்டு அது. மோக்கும் அவர் மனைவி ஷர்லியும் அதனைத் தயாரித்தனர். தம் பெயர் தாங்கிய கருவி உலகை ஆள, அவரோ பதினான்கு வயதில் தம்மை ஈர்த்த கருவிக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தார்.

நம் இசை மரபில் வாக்கேயகாரர் தம் கீர்த்தனையில் முத்திரை வைப்பார். தியாகராஜர் பெயரைப் பாட்டிலிருந்து எவராலும் விலைக்கு வாங்க இயலாது. அது பாட்டோடு பாட்டாய் இழைந்தது. கருவி செய்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. அவர் முத்திரை வெளியே ஒட்டப்படுவது, கழற்றியெடுக்கத் தக்கது. மோக்கின் இழப்பைப் பணத்தால் மட்டும் அளந்தால் அதன் ஆழம் விளங்காது.

1978இல் அவர் வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதிக்கு, ஆஷ்வில் நகரின் அருகே, குடிபெயர்ந்தார். அங்கே 'பிக் பிரையர்' என்னும் பெயரில் சிறு பட்டறை தொடங்கி, தெரெமின்களும் புதுவகை வாசிப்புக் கருவிகளும் செய்தார். இதற்கிடையே காலம் மாறியது. 1983இல் யமஹா நிறுவனத்தின் டி.எக்ஸ்-7 என்னும் எண்முறைக் கருவி வந்தது. அதில் சுருதி நழுவாது. ஒரே நேரத்தில் பதினாறு சுரங்கள் ஒலிக்கும். அமைத்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளும். குமிழ்களின் நிலையைக் காகிதத்தில் குறித்துவைத்தே ஒலியை மீட்க வேண்டிய மினிமோக், பழம்பொருளாகப் பலரால் ஒதுக்கப்பட்டது. எண்பதுகளில் மோக் தாமும் குர்ஸ்வைல் நிறுவனத்தில் எண்முறைக் கருவிகளின் ஆய்வில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பழமையைக் கட்டிக்கொண்டு புலம்பும் இயல்பு அவரிடம் இல்லை.

ஒதுக்கப்பட்டவை திரும்பி வந்தன. தொண்ணூறுகளில் இளைஞர்கள் பழைய மினிமோக்குகளைத் தேடி வாங்கத் தொடங்கினர். எண்முறைக் கருவியின் ஒலி துல்லியமானது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருப்பது. பழைய கருவியிலோ மூன்று அலையியற்றிகளும் முழுதும் ஒத்துப்போவதில்லை. மயிரிழையளவு விலகி ஒன்றையொன்று உரசும். அவ்வுரசலில் ஒலிக்கு உடம்பு உண்டாகிறது. குமிழைத் திருகும் கை, திருகும் கணத்திலேயே மாற்றத்தைக் கேட்கிறது. குறை என்று தள்ளப்பட்டதே அதன் உயிர் என்பது தாமதமாகத் தெரிந்தது.

2001இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு மோக்குக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அதனைப் பெற்ற மற்றிருவர் ஸ்டாக்ஹவுசனும் பர்ட் பாக்கராக்கும். நார்லின் நிறுவனம் விட்டுச்சென்ற பெயருரிமையைப் பற்றிய வழக்குகளும் ஒருவாறு முடிந்தன. 2002இல் அவர் தம் பெயரை மீட்டார். 'பிக் பிரையர்' பட்டறை 'மோக் மியூசிக்' ஆயிற்று. அதே ஆண்டில் மினிமோக் வாயேஜர் என்னும் புதிய கருவி அவர் வடிவமைப்பில் வெளிவந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின், அறுபத்தெட்டு வயதில், தாம் செய்த சிந்தசைசரில் தம் பெயரைப் பொறித்தார். அவ்வுரிமையை மூன்றாண்டுகளே அனுபவித்தார். மூளையில் தோன்றிய கட்டியால் நோயுற்று, 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் ஆஷ்வில்லில் காலமானார். அவருக்கு வயது 71. அவர் நினைவாக 2006இல் ஓர் அறக்கட்டளையும், 2019இல் அந்நகரிலேயே ஓர் அருங்காட்சியகமும் அமைந்தன. 2023இல் நிறுவனம் மற்றொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயர் மீண்டும் கைமாறியது.

பெயரின் கதை இவ்வாறு முடிந்தும் முடியாததாயிற்று. எனினும் அவர் வாழ்க்கையில் கைமாறாத ஒன்று உண்டு. அவர் தம்மை இசைக்கலைஞராக ஒருபோதும் எண்ணியதில்லை. இசைக்கலைஞருக்குக் கருவி செய்பவராகவே எண்ணினார். டாய்ச் கேட்டார், உசச்செவ்ஸ்கி கேட்டார், கார்லோஸ் கேட்டார். கேட்டவர்க்கெல்லாம் அவர் செவி கொடுத்தார். கருவியின் ஒவ்வோர் உறுப்பிலும் வேறொருவர் வேண்டுகோள் ஒளிந்திருக்கிறது. நம் வட்டம் இப்பத்தாண்டுகளில் வளர்ந்ததும் அவ்வாறே. ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டு, குறை சொல்லி, திருத்தி, மீண்டும் படித்துப் பார்த்தோம். அப்படித் திருந்திய வரிகளின் கீழ் எழுதியவர் பெயர் மட்டுமே நிற்கிறது. திருத்தச் சொன்னவர் பெயர் எங்கும் இல்லை. இம்மலரின் பக்கங்களைப் புரட்டும்போது, அழைப்புமணிப் பொத்தான் வாங்கிவரக் கடைக்குச் சென்ற அந்த நண்பரையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.